முதல் தேதி, பன்னிரண்டு மணி

மாதம் பிறந்த முதல் நாள் உச்சியில்
ஒலிபெருக்கி ஒருமுறை தொண்டையைச் செருமிக்கொள்ளும்.
புளோக்கின் கீழ்த்தளத்தில் சீனச் சதுரங்கம் ஆடுகிறவர்கள்
காய் நகர்த்தும் கையை நிறுத்துவதில்லை.
மைனாக்கள் மட்டும் எழும்பி,
வெட்கப்பட்டதுபோல் அதே கிளைக்குத் திரும்பும்.
சோதனைதான்.
நானும் மீன் கழுவுவதை நிறுத்துவதில்லை.
குழாயை மட்டும் ஏனோ மூடிவிடுகிறேன்.

செங்காங். பதினான்காம் மாடி.
சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே
வீட்டோடு சேர்த்துக் கட்டித் தந்த காப்பறை.
இரும்புக் கதவு. ஒரு முழம் கனத்தில் சுவர்.
ஆணி அடிக்கக்கூடாது, துளையிடக்கூடாது என்று
கதவிலேயே எழுதி ஒட்டியிருக்கிறார்கள்.
சாமி படம் மாட்ட முடியாத சுவர்
இந்த வீட்டில் அது ஒன்றுதான்.

சாவி வாங்கிய அன்றே பிரகலாதன்
கதவைத் தட்டிப் பார்த்துச் சொன்னார்:
"சாதாரண குண்டுக்குத் தாங்கும்.
அதுக்கெல்லாம் தாங்காது."
அது எது என்று நான் கேட்கவில்லை.
பெயர் சொல்லாமல் விடுவதற்கு
எங்கள் வீட்டில் அம்மை நோய்க்குப் பிறகு
அது ஒன்றுதான் மிச்சம்.

போன வியாழன் செய்தியில்
எங்கோ இரண்டு நாடுகள்.
ஒருவன் "தயார்நிலை" என்றான்.
மற்றவன் சிரித்துக்கொண்டே அதையே சொன்னான்.
மறுநாள் ஃபேர்பிரைஸில் வரிசை இல்லை, கூச்சல் இல்லை.
எனக்கு முன்னால் நின்றவள் வண்டியில்
உப்பு மட்டும் ஒன்பது பாக்கெட்.
நான் பார்ப்பதைப் பார்த்ததும்
மேலே ஒரு ரொட்டியை வைத்து மறைத்தாள்.
என் வண்டியில் மெழுகுவர்த்தி.

இரவு ஒன்றரை.
கைப்பேசியில் ஒரு வரைபடம்;
விரலால் குண்டை எங்கு வேண்டுமானாலும் வைக்கலாம்.
ராஃபிள்ஸ் பிளேஸில் வைத்தேன்.
செம்மஞ்சள் வட்டம் தோ பாயோவைத் தொட்டது.
கொஞ்சம் பெரிது.
அங் மோ கியோ. தம்பி வீடு.
பழைய புளோக், அவனுக்குக் காப்பறை கிடையாது,
பிள்ளைகள் மூன்று.
இன்னும் பெரிது.
தீவு முடிந்துவிட்டது, வட்டம் முடியவில்லை.
ஜொகூரில் போய் நின்றது.
பிறகு, யாரும் கேட்காமலே,
என் வீட்டின்மேல் நானே வைத்துப் பார்த்தேன்.
பார்த்துவிட்டு எழுந்துபோய்
கேஸ் அணைந்திருக்கிறதா என்று சரிபார்த்தேன்.

தியாஷினி பள்ளியில் வரைந்த படம்
குளிர்பெட்டிக் கதவில் காந்தத்தின் அடியில்.
சாம்பல் நிறப் பெட்டிக்குள்
அப்பா, அம்மா, தான், மீன் தொட்டி.
சுலாஸ்த்ரி எங்கே என்று மாலையில் கேட்டிருந்தேன்.
"அவங்க ஏற்கெனவே உள்ளதானேம்மா இருக்காங்க,"
என்றாள், பென்சிலைச் சீவியபடி.

ஆமாம்.
சுலாஸ்த்ரி அந்த அறையில்தான் தூங்குகிறாள்,
ஆறு வருடமாக.
அரிசி மூட்டைக்கும் மடக்கு சைக்கிளுக்கும் இடையில்
விரித்தால் சுவரில் மடங்கும் மெத்தை.
காற்றுக்காக இரும்புக் கதவைச் சாத்தாமல்
ஒற்றைச் செருப்பை அண்டை கொடுத்து வைப்பாள்.

நான் போட்ட கணக்கையெல்லாம்
அந்தச் செருப்பின் எதிரே நின்று திரும்பப் போட்டேன்.
எங்கள் மூவரோடு தம்பி குடும்பம் ஐந்து:
குந்தி உட்கார்ந்தால் எட்டுப் பேர்.
ஒரு தடவைகூட ஒன்பது வரவில்லை.

உள்ளே கைப்பேசி வெளிச்சம்.
கெண்டாலில் இருக்கும் மகனோடு
தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தவள்
என்னைக் கண்டதும் கால்களை மடக்கி
இடம் விட்டாள்.
"என்ன மேடம்?"

பெராஸ், என்றேன். அரிசி.
ஒன்றரை மணிக்கு ஏன் என்று கேட்கவில்லை.
மூட்டையை அவிழ்த்து, டப்பாவில் அளந்து,
வழக்கம்போல் விளிம்பில் விரலால் வழித்து
நீட்டினாள்.

வாங்கிக்கொண்டு இருட்டில் நின்றேன்,
எத்தனை பேருக்கு எத்தனை நாள் என்று
எண்ணாமல் இருக்கப் பார்த்தபடி.